வளவு மழைத் தண்ணியில் போட்ட காபி: அந்த ருசி எங்கே போனது?

சாவிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன ஐப்பசியிலிருந்து ஒரு கேள்வி மனசை விட்டுப் போகவே இல்லை. விவரமாகச் சொன்னால்தான் விளங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 58 வயது. ஊர் தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் இப்போது யாரும் குடியில்லை. தம்பிகள் இருவரும் வெளிநாட்டில். மதுரையில் இருக்கும் நான்தான் கிட்டத்தில் இருப்பவள் என்று சாவிக்கொத்து என்னிடம் வந்து எட்டு வருஷம் ஆகிறது. மாதத்துக்கு ஒரு தரம் போய், முகப்பிலிருந்து அடுப்படி வரைக்கும் எல்லாக் கதவையும் திறந்து, கூட்டி, சாமி வீட்டில் விளக்கேற்றிவிட்டு, சாயங்காலம் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணி உவர். குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்க ஊருணித் தண்ணிதான். ஐப்பசி பிறந்துவிட்டால் மட்டும் எங்கள் வீட்டுக்கு வேறு தண்ணி வரும். கிழக்கே கறுத்தால் அப்பத்தாவுக்குக் கால் தரையில் நிற்காது. வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டிலிருந்து அண்டா, தவலை, போணி எல்லாம் வளவுக்கு, அதாவது வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றத்துக்கு, வந்து வரிசை கட்டிவிடும். ஆனால் மழை இறங்கியதும் அவற்றைக் கூரைத் தண்ணிக்கு அடியில் வைக்க விடமாட்டார். "ஓடு குளிச்சு முடிக்கட்டும் ஆத்தா, அப்புறம் நாம குடிப்போம்" என்பார். முதல் ஒன்றிரண்டு மழை முழுவதும் ஓட்டுக்குத்தான். கூரையிலிருந்து இறங்கும் தண்ணி செம்மண் நிறம் போய்த் தெளிந்து வந்த பிறகுதான் கை காட்டுவார்.

இரண்டு பக்கத்துக் கூரையும் சந்திக்கிற கூடல்வாயில் தண்ணி கை கனத்துக்கு ஒரே தாரையாக விழும். வளவுக்கு நான்கு மூலை, நான்கு கூடல்வாய், நான்கு அண்டா. ஒவ்வொன்றின் வாயிலும் வெளுத்த பழைய வேட்டியை நாலாக மடித்துக் கட்டி, துணி நடுவில் தொய்ந்து நிற்க ஒரு கூழாங்கல்லைக் கழுவி வைப்பார். அந்தக் கற்களை வருஷம் முழுவதும் ஒரு ஓலைக் கொட்டானில் போட்டு வைத்திருந்தார். நாங்கள் சொட்டாங்கல் ஆட எடுத்தால் அடி விழும்.

மறுநாள் காலையில் அந்தத் தண்ணியில் காபி. 1977 வாக்கில் எனக்குப் பத்து வயது. வளவைச் சுற்றிய தாழ்வாரத்துப் பத்திக் கல்லில் உட்கார்ந்து, தூணில் முதுகைச் சாய்த்து, ஈரம் காயாத வளவைப் பார்த்துக்கொண்டு குடித்த அந்தக் காபியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதற்கப்புறம் எத்தனையோ ஊரில் எத்தனையோ காபி குடித்தாயிற்று, அது கிடைக்கவில்லை.

போன ஐப்பசியில் வெள்ளையடிக்கிற வேலைக்காக எட்டு நாள் ஊரில் தங்கினேன். மூன்றாம் நாள் ராத்திரி நல்ல மழை. ஆசையாக எழுந்து போய், கூரைத் தண்ணியை இறக்கிவிடுகிற தகரத் தூம்புக்குக் கீழே எவர்சில்வர் வாளியை வைத்தேன். காலையில் அதே டவரா டம்ளரில் ஊற்றிக்கொண்டு அதே தூணடியில் உட்கார்ந்தேன். வாயில் ஒன்றுமே இல்லை. சப்பென்று இருந்தது, போதாததற்கு ஏதோ ஒரு வாடை வேறு. பாதியைக் கீழே ஊற்றிவிட்டேன். ஊற்றும்போது அழுகை வந்துவிட்டது.

தண்ணி மாறிவிட்டதா, பாத்திரமா, இல்லை என் நாக்குதான் மாறிவிட்டதா? உங்களில் யாராவது இன்னும் வளவில் தண்ணி பிடிக்கிறீர்களா? எப்படிப் பிடிக்கிறீர்கள்? இந்த வருஷம் கார்த்திகையில் போய் பிள்ளையார் நோன்பு வரைக்கும் இருக்கலாம் என்று இருக்கிறேன். தம்பிகளும் அந்த நோன்பில் இழை எடுத்துக்கொள்ள, அதாவது மாவுருண்டையில் ஏற்றிய நூல்திரியைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள, வருகிறார்கள். அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓட்டுக்கூரை எழுதியது:

ஆச்சி, முதலில் அந்த வாடையைப் பற்றிச் சொல்கிறேன். அது உங்கள் நாக்கு இல்லை, தூம்பு. தகரத் தூம்பு துருப்பிடித்தால் இப்போது பெயின்ட் அடித்து, ஒட்டுப்போட்ட இடத்தில் தார் பூசி விட்டுவிடுகிறார்கள். அதன் வழியாக வருகிற தண்ணியைத் தயவுசெய்து குடிக்காதீர்கள். செடிக்கு ஊற்றுங்கள்.

நான் மூன்று தலைமுறையாகக் கூரை வேலை பார்க்கிற குடும்பம். காரைக்குடியைச் சுற்றி நாங்கள் ஏறாத ஊர் குறைவு. உங்கள் கூரையை எப்போது கடைசியாக மாற்றினீர்கள்? நாட்டு ஓடு என்றால் ஓடு மாற்றாமல் விடவே கூடாது. பிரித்து, தூசி தட்டி, உடைந்ததை எடுத்துப் போட்டு, மறுபடி அடுக்க வேண்டும். ஆள் குடியிருந்த காலத்தில் அது தானாக நடந்தது. இப்போது பூட்டிக் கிடக்கிற வீடுகளில் ஓட்டுக்கு நடுவே புறா கூடு கட்டுகிறது, குரங்கு ஓட்டைத் தள்ளிவிடுகிறது, அந்தச் சந்தில் அரசமரக் கன்று முளைக்கிறது. போன மாதம் ஒரு வீட்டில் ஏறினேன், கூடல்வாய் முழுக்கப் புறா எச்சம், ஒரு சாண் கனத்துக்கு இறுகிக் கிடந்தது. அதன் மேலாக இறங்குகிற மழையை எந்த வேட்டித் துணி வடிகட்டும்?

எங்கள் ஐயா ஒன்று சொல்லுவார். நாட்டு ஓடு திருகையில் பிறந்தது. குயவர் சக்கரத்தில் குழாய் மாதிரி வனைந்து, ஈரமாக இருக்கும்போதே நெடுக்க இரண்டாகப் பிளந்து சுட்டது. அதனால் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். மல்லாந்தது ஒன்று, அதன் மேல் கவிழ்ந்தது ஒன்று என்று அடுக்கும்போது ஒடுக்கப் பக்கம் எது, அகலப் பக்கம் எது என்று பார்த்து வைத்தால் தண்ணி எங்கேயும் தேங்காமல் ஓடி வரும். அவசர வேலைக்காரன் மாற்றி வைத்துவிட்டால் தண்ணி தேங்கி, பாசி பிடித்து, அந்தப் பாசி நாற்றம் தண்ணியில் இறங்கும். உங்கள் அப்பத்தா ஓடு குளிக்கட்டும் என்று சொன்னதைப் படித்ததும் எங்கள் ஐயா நினைப்பு வந்தது. கூரை தெரிந்த மனுஷி.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு ஆளை ஏற்றி நான்கு கூடல்வாயையும் மட்டுமாவது சுத்தம் செய்யுங்கள். தூம்பு இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, தூம்பு இல்லாத மூலையில் அண்டாவை வையுங்கள். முழுக் கூரையையும் தை மாதம் வெயிலில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், ஆச்சி. ஓட்டை மேலிருந்து வீசிப் போடுகிறவனை வேலைக்கு வைக்காதீர்கள்.

ஊருணிக்கரை எழுதியது:

அக்கா, நான் உங்கள் பக்கத்து ஊராகத்தான் இருப்பேன் போல. எங்கள் வீட்டில் வளவு கிடையாது. இரண்டு பத்தி ஓட்டு வீடு. நாங்கள் ஊருணித் தண்ணிக்காரர்கள்.

காலையில் நான்கரை மணிக்கு அம்மா எழுப்பும். அம்மாவுக்கு இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று, எனக்கு ஒரு சின்னக் குடம். ஊருணிக் கரையில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கால் கழுவக் கூடாது, துணி அலசக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது. சின்னப் பிள்ளை ஒருத்தி தெரியாமல் காலை நனைத்துவிட்டால்கூட கரையில் இருக்கிற பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். படித்துறையில் கடைசிப் படியில் நின்று, குடத்தின் வாயால் தண்ணியின் மேலாடையை இப்படியும் அப்படியும் விலக்கிவிட்டு, அப்புறம் மொண்டு எடுக்க வேண்டும். இன்றைக்கும் வாளியில் தண்ணி மொண்டால் என் கை அப்படித்தான் விலக்குகிறது.

மழைக்காலத்தில் ஊருணித் தண்ணி புதுவெள்ளம் சேர்ந்து பால் விட்ட டீ மாதிரி கலங்கிக் கிடக்கும். அம்மா தேத்தாங்கொட்டை வைத்திருந்தது. ஒரு மிளகு உருண்டையைவிடப் பெரிது, சப்பையான கொட்டை. மண்பானையின் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணி தெளித்து, சந்தனம் உரைக்கிற மாதிரி அந்தக் கொட்டையை உரசும். பானையின் சொரசொரப்பில் அது மாவாக இறங்கும். அப்புறம் தண்ணியை ஊற்றி மூடிவிட்டு வேலைக்குப் போய்விடும். திரும்பி வந்து பார்த்தால் கலங்கல் எல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணியில் முகம் தெரியும். நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து மூடியைத் திறந்து முதலில் முகம்தான் பார்ப்பேன். அந்தத் தண்ணியில் ஒரு மண் வாசம் இருக்கும். எனக்கு ருசி என்றால் அதுதான். குழாய் வந்த பிறகும் அம்மா கொஞ்ச நாள் உரசிக்கொண்டுதான் இருந்தது, தெளிந்த தண்ணியிலேயே.

அம்மா ஒரு பெரிய வீட்டில் அடுப்படி வேலை பார்த்தது. மழைத் தண்ணி பிடிக்கிற நாளில் அந்த வீட்டு ஆச்சி ஒரு சொம்பு கொடுத்து அனுப்புவார்கள். பருப்பு வேகவைக்க. அந்த ஒரு சொம்புப் பருப்பு வெண்ணெயாக மசியும், மத்தே வேண்டாம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்போது பால் என்ன பால்? இப்போது என்ன பால்?

பழைய சாமான் எழுதியது:

காரைக்குடியில் பழைய சாமான் கடைத் தெரு உங்களுக்கெல்லாம் தெரியும், முனீஸ்வரன் கோவில் தெரு. எங்கள் பங்காளிகள் சேர்ந்து வீட்டை விலைக்குக் கொடுத்த வருஷம் சாமான்கள் அங்கேதான் போயின. நான் வேலையில் இருந்தேன், வர முடியவில்லை. ஆறு மாதம் கழித்துப் போனபோது ஒரு கடை வாசலில் எங்கள் பாட்டையா பெயர் வெட்டின தவலையைப் பார்த்தேன். எடைக்கு விலை சொன்னார்கள். கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். சென்னையில் அடுக்குமாடி வீட்டில் அதை வைக்க இடம் இல்லாமல் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. சாவிக்காரி ஆச்சி, உங்கள் வீட்டில் அண்டா, தவலை எல்லாம் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் எவர்சில்வர் வாளியை எதற்கு எடுத்தீர்கள்? அவற்றை இறக்குங்கள், ஆச்சி. கேட்டுக்கொள்கிறேன்.

ரசாயன வாத்தியார் எழுதியது:

சகோதரி, நான் பள்ளத்தூர்ப் பக்கம் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தண்ணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உவர்க் கிணற்றுத் தண்ணியில் உப்போடு கால்சியம், மக்னீசியமும் கூடுதலாக இருக்கும். பருப்பின் செல் சுவர்களில் இருக்கிற பெக்டின் என்ற பசையோடு இவை சேர்ந்து அதை இறுக்கிவிடும். அதனால்தான் எத்தனை நேரம் எரித்தாலும் பருப்பு விறைத்துக்கொண்டே கிடக்கும். மழைத் தண்ணியில் இந்தச் சத்துகள் அநேகமாக இல்லை, ஆகவே மசியும். ஊருணிக்கரைத் தங்கை சொன்ன வெண்ணெய்ப் பருப்புக்குக் காரணம் இதுதான். டீயும் அப்படியே. கடினத் தண்ணியில் டீ போட்டால் மேலே ஒரு ஆடை படியும், மழைத் தண்ணியில் படியாது.

ஆனால் காபி விஷயம் வேறு. காபித் தூளிலிருந்து ருசியை இழுத்துக்கொண்டு வர, தண்ணியில் அந்தத் தாதுச்சத்து கொஞ்சமாவது வேண்டும். துளியும் இல்லாத தண்ணியில் டிகாக்‌ஷன் சப்பென்றுதான் இறங்கும். அதனால் போன வருஷம் நீங்கள் குடித்தது சப்பென்று இருந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 1977-ல் அது ருசித்தது எப்படி என்பதுதான் என் கேள்வி. அன்றைக்குப் பால் கறந்த பாலாக இருக்கலாம், விறகடுப்பில் சுண்டியிருக்கலாம், தூளில் சிக்கரி கூடுதலாக இருந்திருக்கலாம். இவையெல்லாம் ருசியைத் தூக்கிக் கொடுக்கும்.

பிடிக்கிற அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். உங்கள் வளவைப் பார்த்துச் சரிகிற கூரை 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 மில்லிமீட்டர் மழை ஒரு ராத்திரியில் 3000 லிட்டர் கொண்டுவந்து கொட்டும். 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வகுப்பில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "எங்க வீட்டு வளவுல இது ரொம்ப நாளா இருக்கு சார்" என்றான். அன்றைக்குப் பாடத்தை அவனையே நடத்தச் சொன்னேன். அருமையாக நடத்தினான்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து வயதில் மற்ற நாட்களில் உங்களுக்கு வீட்டில் காபி கொடுப்பார்களா?

சாவிக்காரி எழுதியது:

சார், உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொடுக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பால்தான், பனங்கற்கண்டு போட்டு. மழைத் தண்ணி பிடித்த மறுநாள் மட்டும், ராத்திரி எழுந்து அண்டா தூக்கிய பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் மாதிரி டவரா டம்ளரில் காபி. தூங்கிய பிள்ளைகளுக்குக் கிடையாது. என் பெரிய தம்பி ஒரு தரம் எழுந்திருக்காமல் படுத்திருந்துவிட்டு மறுநாள் காலையில் அழுத அழுகை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இதை எப்படி எழுத மறந்தேன் என்று தெரியவில்லை.

ஊருணிக்கரைத் தங்கச்சி, அப்போது எதிர்வீட்டுப் பசு. போன வருஷம் பாக்கெட் பால். நீ கேட்டது சரியான கேள்வி.

தம்பி ஓட்டுக்கூரை, ஆள் ஏற்றி கூடல்வாயைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னபடியே எச்சம்தான், நான்கு கூடை அள்ளினார்களாம்.

பழைய சாமான் தம்பி, எங்கள் அண்டாக்கள் இருக்கின்றன, இரண்டாங்கட்டு அறையில், பூட்டுக்குள். தனியாளாக இறக்கப் பயந்துகொண்டுதான் வாளியை எடுத்தேன். இந்தத் தரம் இறக்குகிறேன்.

பழைய சாமான் எழுதியது:

நன்றி ஆச்சி.

சாவிக்காரி எழுதியது:

ஊரிலிருந்து எழுதுகிறேன். வந்து ஆறு நாள் ஆகிறது.

பக்கத்து வீட்டுப் பையனும் அவன் கூட்டாளியும் வந்து தவலையையும் ஒரு அண்டாவையும் இறக்கிக் கொடுத்தார்கள். இரண்டும் கறுத்துக் கிடந்தன. புளி போட்டு இரண்டு நாள் துலக்கினேன், இடுப்பு விட்டுப் போயிற்று. தவலையின் கழுத்தில் அப்பத்தாவின் தலைப்பெழுத்து வெளியே வந்ததும் வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தேன். கூழாங்கல் கொட்டானும் கிடைத்தது. ஓலை ஒரு பக்கம் பூச்சி அரித்திருக்கிறது. உள்ளே ஐந்து கல்.

"ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்பார்கள், இந்தத் தரம் ஐப்பசி கொடுத்த மழையில் ஓடு நன்றாகவே குளித்திருந்தது. நேற்று சாயங்காலம் கிழக்கே கறுத்தது. தூம்பு இல்லாத மூலையில் தவலையையும், அதற்கு எதிர்மூலையில் அண்டாவையும் வைத்து, துணி கட்டி, கல் வைத்துவிட்டு, பட்டாலைக் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தேன். ராத்திரி ஒரு மணிக்கு மேல் பிடித்தது மழை.

எழுந்து உட்காரவில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். தவலை காலியாக இருக்கும்போது கோவில் மணியை விரலால் சுண்டின மாதிரி ஒரு கணீர். அடியில் நாலு விரல் தண்ணி சேர்ந்ததும் அந்தக் கணீர் போய் கொளகொளவென்று ஒரு கனத்த குரல் வந்தது. நிறைய நிறையக் குரல் மெலிந்து மேலே ஏறிக்கொண்டே போயிற்று. கழுத்துக்கு வந்ததும் ஒரு விசில் மாதிரி. அப்பத்தா இருட்டில் கண்ணைத் திறக்காமலே "மேலமூலை நெறஞ்சிருச்சு, எந்திரிங்க" என்று குரல் கொடுப்பாரே, நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் துணி வரைக்கும் தளும்பிக்கொண்டு நிற்குமே, அது எப்படி என்று எனக்கு இந்த 58 வயது வரைக்கும் தெரியாது.

காலையில் எதிர்வீட்டில் பால் வாங்கினேன். இப்போதும் ஒரு பசு வைத்திருக்கிறார்கள். குமுட்டி அடுப்பில் சுண்ட வைத்தேன். காபி நன்றாக இருந்தது. வாடை இல்லை. அந்தக் காபி அல்ல, சார் சொன்ன மாதிரி டிகாக்‌ஷன் கொஞ்சம் சாதுவாகத்தான் இருந்தது. ஆனால் டம்ளரைக் காலி செய்தேன். மத்தியானம் அதே தண்ணியில் துவரம்பருப்பு வைத்தேன், கரண்டியால் இரண்டு தட்டு தட்டியதும் கரைந்துவிட்டது.

தண்ணி தூக்க வந்த பையனுக்கும் அவன் தங்கைக்கும் காபி கொடுத்தேன். தங்கை ஏழாவது படிக்கிறாள். அவள் அம்மா, "அவளுக்கு வேண்டாம் ஆச்சி, பிள்ளைக்குக் காபி கொடுத்துப் பழக்கலை" என்றாள். இன்றைக்கு ஒரு நாள் என்று கேட்டு வாங்கினேன். பத்திக் கல்லில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் டவராவைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். ஊதிக்கூடக் குடிக்கவில்லை, அத்தனை அவசரம்.

தம்பிகள் நாளன்றைக்கு வருகிறார்கள். மழை இருந்தால் ராத்திரி இரண்டு பேரையும் எழுப்பப் போகிறேன்.